கட்டைவிரல் வைத்தவர்கள்

கிளர்ச்சியும் ஒரு தொழில்தான். துண்டறிக்கை கொடுத்த கையில் கைப்பேசி வந்தபிறகு ஆளைத் திணறடிக்கும் தொழில். அமைப்புகளுக்கு முகநூல் பக்கம் நடத்தி அவதிப்படும் சகாக்களே, உங்களுக்கு இது புரியும்.

மேலும் படிக்க

எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தைக் காலி செய்யச் சொல்லி நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியது. திங்கட்கிழமை கோலா சிலாங்கூர் மாவட்ட அலுவலக வாசலில் கூட்டம் திரண்டால்தான் அதிகாரி தலையிடுவார். முகநூலில் எழுதினேன். ரப்பர் காலத்து உழைப்பு, மறுக்கப்பட்ட கூலி எல்லாம் வரிசையாக வந்து, கடைசியில் நாளும் இடமும். என் எழுத்தைப் படித்து வேலைநிறுத்தத்தில் இறங்கிய தோட்டங்கள் உண்டு. குடியிருப்பாளர் குழுச் செயலாளர் கமலா சொன்னாள்:

“அண்ணே, ‘மேலும் படிக்க’ன்னு ஒண்ணு வரும்ல, அத யாரும் அமுக்கல லா. எல்லாரும் படிச்சது ‘பாட்டாளித் தோழர்களே’ மட்டுந்தான்.”

நேரலை

சரி, பேசியே விடலாம் என்று லயத்து வாசலில் நின்று நேரலை போட்டேன். பார்ப்பவர்களில் தோட்டத்துக் கிராணியின் பெயரும் வந்தது. நோட்டீசை ஒட்டிய நிர்வாகக் குமாஸ்தா அவரேதான். அந்தக் காலத்துக் கிராணிகள் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து என் பேச்சைக் கேட்டார்கள். இவர் இதயம் போட்டார். பேச்சை அவசரமாக முடித்துக்கொண்டேன். மறுநாள் மளிகைக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். வேவா, அக்கறையா? முகத்தில் எதுவும் தெரியவில்லை.

“நல்லா பேசினீங்க ஐயா. ஆனா திங்கக்கிழமை எத்தன மணிக்குன்னு சொல்லவே இல்லியே?”

கட்டைவிரல்

நேரத்தையும் சேர்த்துச் சுருக்கமாகப் பதிவிட்டேன். தோட்டமே விருப்பக்குறியான கட்டைவிரலை அமுக்கியது. திங்கட்கிழமை காலை வாசலில் நின்றது கமலாவும் நானும் இன்னும் சிலரும். அதிகாரி எட்டிப் பார்த்து, “இவ்வளவுதானா?” என்று மலாயில் கேட்டுவிட்டு உள்ளே போனார். மத்தியானம் அவர் வெளியூர் கிளம்புகிறார். முனியம்மாவுக்குப் போன் போட்டேன். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த காலத்திலிருந்து என் மனுக்களுக்கெல்லாம் கைநாட்டு வைத்தவர். “நாந்தான் அன்னிக்கே வெரல் வெச்சிட்டனே, பத்தாதா?” என்றார். கைநாட்டு வைத்தாகிவிட்டது என்ற நிம்மதியில் தோட்டமே வீட்டில் உட்கார்ந்திருக்கிறது!

லயத்தின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் குரல் பதிவு அனுப்பினேன்: “விரல் மட்டும் பத்தாது, ஆளும் வரணும்.” அதிகாரியின் டிரைவர் காரைத் துடைக்க ஆரம்பித்தபோது, எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றும் தோட்டத்து லோரி வந்து நின்றது. பின்னால் லயமே நின்றுகொண்டிருந்தது. நிர்வாக அலுவலகத்தில் இருக்கும் லோரிச் சாவியைக் கொடுத்தது யார் என்று இன்றுவரை யாரும் வாய் திறக்கவில்லை. அதிகாரி எங்களை உள்ளே அழைத்து, பேச்சு முடியும்வரை லயத்தில் கைவைக்கக் கூடாது என்று எங்கள் எதிரிலேயே நிர்வாகத்துக்குப் போன் போட்டார். முனியம்மா மட்டும் கட்டைவிரலை நீட்டியபடி என்னைத் தேடி வந்தார்:

“மை எங்கண்ணே?”

விரல்களைத் திரட்ட ஒரு கைப்பேசி போதும், அவற்றோடு ஒட்டியிருக்கும் ஆட்களைத் திரட்ட இன்னமும் ஒரு லோரி வேண்டியிருக்கிறது.