செலியமேட்டுக்கு வழி சொன்னேன்

பேய், காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குச் சிரிப்புதான் வரும். நல்ல சிரிப்பு இல்லை, இளக்காரச் சிரிப்பு. எங்கள் கரிக்கலாம்பாக்கத்தில் வயலை மனை போட்டு விற்ற ஒருவர், நாலு மாதம் பிளாட் போகவில்லை என்றதும் அங்கே ஏதோ நடமாடுகிறது என்று பூசணிக்காய் உடைத்தார். விலையைக் குறைத்தார், போய்விட்டது. இதுதான் எனக்குத் தெரிந்த பேய்க்கதை. அதனால் இப்போது நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்பேன்.

கல்வராயன் மலைக்குப் போகலாம் என்று கிளப்பிவிட்டது தினேஷ். என்னோடு கல்லூரியில் படித்தவன், சென்னையில் ஐ.டி. வேலை. சிட்டி லைஃப் மூச்சு முட்டுகிறதாம், மலைக்குப் போய் மரத்தைப் பார்த்தால் சரியாகிவிடுமாம். ஐந்து நாள் ஏ.சி.யில் உட்கார்ந்திருப்பவனுக்கு மூச்சு முட்டுகிறது; திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே இரும்பு உதிரிபாகம் செக் பண்ணுகிற எனக்கு முட்டவில்லை. ஆனாலும் போனேன். மூன்றாவது ஆள் ரகு. பாகூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், எங்கே கூப்பிட்டாலும் ஏன் என்று கேட்காமல் வருவான்.

ரகுவை நான் மதித்ததே கிடையாது. அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, எட்டு மணிக்கெல்லாம் மலையில் ஒரு டீக்கடை அருகே காரை நிறுத்திவிட்டு ஏறத் தொடங்கினோம். மார்கழிப் பனி அன்றைக்கு வெயில் வந்தும் கலையவில்லை. தினேஷ் பத்தடிக்கு ஒரு தடவை நின்று கையை விரித்து மூச்சை இழுத்து வீடியோ எடுத்தான். ரகு அவனுக்கு வீடியோ பிடித்தான். இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் ஒரு பாசிக்கல்லில் கால் வைத்து வழுக்கி விழுந்தேன். கணுக்கால் பிசகிவிட்டது.

"நீங்க போயிட்டு வாங்கடா, நான் இங்கயே குந்திக்கினு கீறேன்" என்றேன்.

ரகு தயங்கினான். "நான் வேணா கூட இருக்கட்டா?"

"நீ இருந்து இன்னா பண்ணப் போற? போ."

போனார்கள். ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் பனி, பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் ஆகியிருக்கும், மேலேயிருந்து ரகு இறங்கி வந்தான். அதே சாம்பல் பனியன், அதே பை. "எந்திரி" என்றான். அவ்வளவுதான். குனிந்து என் கையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான், இறங்கினோம்.

ஒரு மணி நேர இறக்கம். ரகு சும்மா வருகிற ஆள் இல்லை, டிஸ்ப்ளே விலையிலிருந்து சினிமா வரை பேசிக்கொண்டே இருப்பான். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. முகம் பார்க்கவும் இல்லை. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது முதலில். போகப் போக எரிச்சல் வந்தது. என் முழுப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு, மூச்சு வாங்காமல், முனகாமல், மாடு மாதிரி நடக்கிறானே என்று. கால் வலி வேறு. வார்த்தை தானாக வாயில் வந்துவிட்டது.

"டேய், ரெண்டு வருஷம் முன்னாடி செலியமேட்டுல உனக்குப் பொண்ணு பாத்தாங்களே, அது ஏன் நின்னுச்சி தெரியுமா? நான்தான்டா நிறுத்துனேன்."

உண்மை. பெண்ணின் மாமா என் கம்பெனி வாசலுக்கே வந்து விசாரித்தார். 'பையன் நல்லவன்தாங்க, சொந்தமா யோசிக்கத் தெரியாது, எவன் சொன்னாலும் தலையாட்டுவான். கடைய மூடிட்டு எங்க போறான்னுதான் யாருக்கும் தெரியாது' என்றேன். ரகு கடையை மூடினால் நேராக வீட்டுக்குப் போவான். அது எனக்குத் தெரியும். ஏன் சொன்னேன் என்றால், இவனுக்கு இவ்வளவு அழகான பெண்ணா என்று இருந்தது. வேறு காரணம் கிடையாது.

எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான், கீழே தள்ளிவிடுவான் என்று நினைத்தேன். அவன் நடந்துகொண்டே கேட்டான்: "அந்தப் பொண்ணு பேரு இன்னா?"

எனக்கு எவ்வளவு இளக்காரமாக இருந்தது தெரியுமா. ஆறு மாதம் அவள் போட்டோவை போனில் வைத்துக்கொண்டு திரிந்தவன், பெயரைக்கூட மறந்துவிட்டான் பார் என்று. "வினோதினிடா" என்றேன்.

"வூடு எங்க?"

வழி சொன்னேன். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி இரண்டாவது சந்து, பச்சை கேட். தலையாட்டிக்கொண்டான்.

டீக்கடை வந்ததும் என்னை பெஞ்சில் உட்கார வைத்தான். நான் ஷூவைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது ஆள் இல்லை. கடைக்கார அம்மாவைக் கேட்டேன்.

"உங்ககூட வந்தவரா? டீ போடட்டான்னு கேட்டேன், வேணாம்னுட்டு மேல போயிட்டாரே" என்றார்.

அவரும் பார்த்திருக்கிறார். இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள், கால் வலியில் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று சொல்லப்போகிறவர்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து தினேஷும் ரகுவும் ஒன்றாக இறங்கி வந்தார்கள். ரகு என்னைப் பார்த்து ஓடி வந்தான். "எப்படிடா தனியா எறங்குன? உன்ன அந்தப் பாறையாண்ட காணோம்னு உயிரே போயிடுச்சி."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். தினேஷ் போனை வாங்கிப் பார்த்தேன். நான் அவன் தோளில் தொங்கிக்கொண்டு இறங்கி வந்த அந்த ஒரு மணி நேரமும், உச்சியில் எடுத்த படங்களில் ரகு இருந்தான். பிஸ்கட் தின்றுகொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு. எடுத்த நேரமும் ஒவ்வொரு படத்திலும் இருந்தது. யாரோ ஊர்க்காரர் இறக்கிவிட்டார் என்று சொல்லிவைத்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நானே ஏதாவது காரணம் கண்டுபிடித்துச் சமாதானம் ஆகியிருப்பேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரகு கடையில் உட்கார்ந்திருந்தேன். பைக்கில் ஒரு பையன் வந்து இறங்கினான், செலியமேட்டுப் பெண்ணின் தம்பி. வந்ததும் ரகு சட்டையைப் பிடித்தான்.

"எங்க அக்காவுக்குக் கல்யாணம் ஆயி கொழந்த கீது. நேத்து நாலு மணிக்கு எங்க வூட்டு கேட்டாண்ட வந்து இன்னாடா வேல உனக்கு?"

"நான் வரலப்பா, சத்தியமா" என்றான் ரகு.

"நானே பாத்தேன்டா! வினோதினி வூடு இதானேன்னு கேக்குற. அதுகூட எங்க அக்கா பேரு கெடையாது. அப்டி யாரும் இங்க இல்லன்னேன், பேசாம திரும்பிப் போற. குடிச்சிட்டு வந்தியா?"

முந்தின நாள் நாலு மணிக்கு ரகு என்னோடு வில்லியனூரில் ஸ்பேர் வாங்கிக்கொண்டிருந்தான். அதைச் சொன்னேன், பில்லைக் காட்டினேன். அந்தப் பையன் பில்லையும் ரகு முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "அப்ப வந்தது யாரு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனான்.

ரகு கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு, "வினோதினியா? அவங்க பேரு அதில்லியே. ஏன்டா, அந்தச் சம்மந்தம் ஏன் நின்னுச்சின்னு உனக்கு எதனா தெரியுமா?" என்றான்.

"தெரியலடா" என்றேன்.

மலையில் அதனிடம் அத்தனையும் கொட்டிய வாய், மனிதன் நேருக்கு நேர் கேட்டபோது திறக்கவில்லை. என்னைப் பற்றி நான் இப்போது என்ன நினைக்கிறேன் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணின் பெயரை நான் சரியாகக் கவனித்ததே இல்லை, மலையில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறேன். ரகு அப்புறம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதை இங்கே எழுத மாட்டேன். தனியாக இருக்கும்போதுகூட வாய்விட்டுச் சொல்வதில்லை. போன வாரம் ரகுவோடு பைக்கில் வரும்போது, பின்னால் உட்கார்ந்திருந்தவன் திடீரென்று, "டேய், அவங்க பேரு இன்னா, மறந்துட்டேன்" என்றான்.

வண்டியை நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. பாகூர் வந்து சேரும்வரை பேசாமலே ஓட்டினேன்.