போறேன் என்று சொல்ல விடாத தெரு

எங்கள் வகுப்பில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைக்கவில்லை. திருநெல்வேலியில் காட்சித் தொடர்பியல் படித்த காலம் முழுக்க ஊர்ப்பெயர்தான் எங்கள் பெயர். நான் சங்கரன்கோவில். கேமராவைக் கையில் எடுத்தால் சாப்பாட்டை மறந்துவிடுகிற என் தோழி கரிவலம். கரிவலம்வந்தநல்லூர் என்று முழுதாகக் கூப்பிட்டு முடிப்பதற்குள் பஸ் போய்விடும். மூன்றாவது ஆள் கடையநல்லூர்.

கடையநல்லூர் ஆறடிக்கு மேலே இருப்பான். அந்த உயரத்தால்தான் அவன் தலையெழுத்தே மாறியது. முதல் வருடம் யாரோ அவன் கையில் மைக் கட்டிய கம்பைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு யார் படம் எடுத்தாலும் கம்பு அவன் கையில்தான். அவன் விரல் நுனி ஃபிரேமுக்குள் தெரிந்தால்கூட "கட்" என்று கத்துவோம். யோசித்துப் பார்த்தால் அத்தனை நாளும் அவன் ஃபிரேமுக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே எங்கள் வேலையாக இருந்திருக்கிறது.

கடைசி செமஸ்டரில், என் குறும்படத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது அவனாகவே வந்தான்.

"ஏட்டி சங்கரங்கோயிலு, டிக்கெட் போட்டாச்சு. திங்கக்கெழம கெளம்புதேன். துபாய்ல மாமா கடையில மொபைல் கவர் விக்கணும்."

"ஏலே, பரீட்ச முடிஞ்ச சூட்டோடயா?"

"வாப்பா சொல்லிட்டாவ. நான் இங்கன என்ன படிச்சேன்னே எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. கம்பு தூக்குனேன்னு எப்படிச் சொல்ல? ஒரே ஒரு படத்துல எம் மூஞ்சி வரணும். அத அவங்களுக்குப் போட்டுக் காட்டிட்டுத்தான் பிளைட் ஏறணும்."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சரி, கதாநாயகன் கிடைத்துவிட்டான் என்றேன்.

கதை என்று கேட்டால் மிகச் சின்னது. வெட்டவெளியில் ஒரு கதவு நிற்கிறது. சுவர் இல்லை, வீடு இல்லை, நிலையும் கதவும் மட்டும். ஒருவன் கதவைத் திறந்து, இல்லாத வீட்டைத் திரும்பிப் பார்த்து, "போறேன்" என்கிறான். வெளியே வந்து சாத்துகிறான். சுற்றி வந்து மறுபடியும் உள்ளேயிருந்து திறந்து, மறுபடியும் "போறேன்". ஒவ்வொரு முறையும் கையில் ஒரு குடை கூடுகிறது. கடைசியில் குடைகளுக்கு நடுவே ஆளே தெரியாமல் போய்விடுகிறான்.

"இதுக்கு என்னட்டி அர்த்தம்?" என்று அம்மா கேட்டாள்.

"அர்த்தம் இல்லங்கிறதுதாம்மா அர்த்தம்."

"அப்ப எங்குடை எதுக்கு?"

கேட்டுக்கொண்டே குடையை எடுத்துத் தந்தாள். மிச்சக் குடைகளைத் தெருவில் வசூல் செய்தேன். எங்கள் ஊரில் குடை வெயிலுக்குத்தான் அதிகம் விரியும். கொடுத்தவர்கள் எல்லோரும் "மத்தியானத்துக்குள்ள தந்துரு" என்று சொல்லியே கொடுத்தார்கள்.

ஒத்திகையில்தான் முதல் அடி விழுந்தது. கடையநல்லூர் வாயில் அந்த ஒற்றைச் சொல் வரவில்லை. கல்லூரி வேப்பமரத்தடியில் நின்று, "போ... வாரேன்" என்றான். கட். "போய்ட்டு வாரேன்." கட்.

"ஏலே, அதுல இருக்க வாரேன எடு. போய்ட்டுவையும் எடு."

"எல்லாத்தையும் எடுத்துட்டா அப்புறம் நான் எங்கட்டி இருக்கேன்?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. முக்குக் கடைக்கு சோப்பு வாங்கப் போகிறவனும் எங்கள் பக்கத்தில் "வாரேன்" என்றுதான் படியிறங்க வேண்டும். போறேன் என்று சொல்லிவிட்டுப் போவது, திரும்பி வராதவன் போவது. அவன் உம்மா கடந்த ஒரு மாதமாக அந்தச் சொல்லையே வீட்டுக்குள் விடவில்லையாம். "பயணம் போறதுக்கு" என்று யாராவது ஆரம்பித்தாலே, "பயணம் பொறப்படுததுக்கு" என்று திருத்துவார்களாம். அப்படி வளர்ந்த வாயை நான் ஒரு வாரம் பழக்கி எடுத்தேன். வியாழக்கிழமை முதல் முறையாக, தடுமாறாமல், "போறேன்" என்றான். கரிவலம் கைதட்டினாள். அவன் உடனே மரத்தைத் தொட்டு, "சும்மா சொன்னேன்" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டு மாடியில் கிடந்த பழைய கதவை நிலையோடு சுமை ஆட்டோவில் ஏற்றி, இளையரசனேந்தல் பக்கம் ஒரு பொட்டலுக்குப் போனோம். மேல்காற்று தொடங்கிவிட்ட நாள்கள் என்பது எங்களுக்குத் தெரியும், கதவுக்குத் தெரியாது. நிறுத்திய மறு நிமிடம் மல்லாந்து விழுந்தது. மணல் மூட்டை வைத்தோம், மூட்டையோடு விழுந்தது. அம்மாவின் குடை மேல்பக்கம் மடங்கி, பறந்து, பக்கத்துக் காட்டில் மேய்ந்த ஆடுகளுக்கு நடுவில் இறங்கியது. ஆடுகள் அதைச் சுற்றி நின்று பார்த்தன. மேய்த்துக்கொண்டிருந்தவர், "கல்யாண வீடியோவா தாயி?" என்று விசாரித்தார். ஒரு ஷாட் தேறவில்லை.

மிச்சம் இருந்தது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வெட்டி ஒட்ட வேண்டும், திங்கள் அவன் இல்லை. காற்று இல்லாத இடம் என்றால் வீடுகள் நெருக்கி நிற்கிற எங்கள் தெருதான். ஆனால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. காலையில் தொடங்கினால் தடதடவென்று ஒரே ஓட்டம். அந்தச் சத்தத்துக்குள் பேசிப் பழகியதால்தான் எங்கள் தெருக்காரர்களுக்குக் குரல் பெரிது. அங்கே வைத்து எப்படி ஒற்றைச் சொல்லைப் பதிவு செய்வது?

நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அம்மா செய்தித்தாளை நீட்டினாள். மாதாந்திரப் பராமரிப்புப் பணி. சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் இரண்டு வரை சங்கரன்கோவிலில் மின்தடை. நான் குதித்த குதியில் பூனை ஓடிவிட்டது.

கரண்ட் போனால் தறி நிற்கும். அதுவரைக்கும் யோசித்தேன். கரண்ட் போனால் மின்விசிறியும் நிற்கும், டிவியும் நிற்கும், தெருவே வாசலுக்கு வந்து உட்காரும் என்பதை யோசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் இருப்பவள் நான்.

ஒன்பது மணிக்கு சத்தம் வெட்டியதுபோல் நின்றது. கதவைத் தெரு நடுவில் செங்கல் முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். மைக்கை நிலையின் உச்சியில் கட்டினோம். கரிவலம் கேமராவைக் குனிந்து பார்த்தாள். நான் "ஆக்‌ஷன்" என்றபோது இரண்டு பக்கமும் விசிறிமட்டையோடு மொத்தத் தெருவும் உட்கார்ந்திருந்தது. நடுவில், என் அப்பாவின் கோட்டும் ஒற்றைக் குடையுமாகக் கடையநல்லூர் கதவைத் திறந்தான். முகத்தை இறுக்கினான். அற்புதமாக, "போறேன்" என்றான்.

"ஏலே தம்பி, அப்படிச் சொல்லாத. வாரேன்னு சொல்லு."

எதிர்வீட்டு அத்தை. என்னைத் தூக்கி வளர்த்தவர்கள், கோபிக்கவும் முடியாது.

"அத்த, இது சினிமா. அவன் அப்படித்தான் சொல்லணும்."

"சினிமான்னா வாய்க்கு வந்ததச் சொல்லலாமோ? பாவம், அடுத்த வீட்டுப் பிள்ள. ஊருக்குக் கெளம்புத நேரத்துல."

அவன் கிளம்பும் செய்தி அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா விசிறிக்குப் பின்னால் ஒளிந்தாள்.

மறுபடியும் எடுத்தோம். மறுபடியும் "போறேன்". இப்போது இரண்டு வாசலிலிருந்து குரல் வந்தது. அதற்கடுத்த முறை, பைக்கில் வந்த அண்ணாச்சி ஒருவர், தெரு நடுவில் கதவு நிற்பதைப் பற்றி ஒன்றும் கேட்காமல், அதைத் திறந்து வந்தவனிடம் மட்டும், "என்ன தம்பி, எங்க போறிய?" என்று கேட்டுவிட்டார்.

தெரு கொதித்துவிட்டது.

"கெளம்புத பிள்ளயப் பாத்து எங்க போறன்னு கேப்பாவளா? வயசு ஆச்சே தவிர..."

"எனக்கு எப்படி மதினி தெரியும்? கதவத் தொறந்தான், கேட்டேன்."

"கேட்டுட்டிய. இனி அவன் உக்காந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் எறங்கணும். ஏட்டி, செம்புல தண்ணி கொண்டா."

நாற்காலி வந்தது. தண்ணீர் வந்தது. "கட்! கட்! கட்!" என்று நான் கத்தியதை யாரும் மதிக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, இரண்டு மணிக்குத் தறி ஓடும், திங்கட்கிழமை அவன் போய்விடுவான், அவனிடம் காட்ட ஒரு ஷாட் இல்லை. செங்கல்மேல் உட்கார்ந்தேன். அழுதுவிடுவேன் என்று தோன்றியது.

அப்போதுதான் கரிவலத்தைப் பார்த்தேன். கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல் இடது கையால் என்னைச் சும்மா இரு என்று சைகை காட்டினாள். அவள் நிறுத்தவே இல்லை. காலையிலிருந்து நான் சொன்ன எந்தக் "கட்"டுக்கும் அவள் நிறுத்தவில்லை.

கதவுக்கு முன்னால் நாற்காலியில் கடையநல்லூர் முகத்தை மாற்றாமல் உட்கார்ந்திருந்தான். அண்ணாந்து தண்ணீர் குடித்தான். செம்பை அத்தையிடம் மரியாதையாகக் கொடுத்தான். எழுந்தான், சுற்றிப் போனான், கதவைத் திறந்தான், தெருவைப் பார்த்தான். "போறேன்."

"வாரேன்னு சொல்லுல!" மொத்தத் தெருவும், பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு மாதிரி.

அவன் திரும்பி உள்ளே போனான். மறுபடியும் வந்தான். இந்த முறை முறுக்கு கொடுத்தார்கள். அடுத்த முறை விபூதி பூச வந்த ஒரு பெரியம்மாவை, "அவன் கடையநல்லூர் பாய் வீட்டுப் பிள்ளக்கா" என்று இன்னொருவர் தடுக்க, "அதுக்கென்ன, அந்த சாமியும் கேக்கும்" என்று தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். குடைகள் கூடுவதற்குப் பதில் குறைந்தன. வெயிலில் கடைக்குக் கிளம்பியவர்கள் ஒவ்வொருவராக ஃபிரேமுக்குள் வந்து தங்கள் குடையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நான் எழுதியதற்கு நேர் தலைகீழாகப் படம் ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்புச் சத்தம் பதிவாகிவிடுமே என்று துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டேன்.

கரண்ட் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. எங்கள் ஊரில் இப்படி நடந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. அவன் அப்போது கதவுக்கு உள்பக்கம் நின்றான். தடதடவென்று ஒரு தறி, பிறகு நாலு, பிறகு எல்லாம். கண்மூடித் திறப்பதற்குள் வாசல்கள் காலி. அத்தை செம்பை அங்கேயே வைத்துவிட்டு ஓடினார்கள். வெறும் தெரு, ஒரு கதவு, அந்தச் சத்தம்.

கடையநல்லூர் கதவைத் திறந்தான். கையில் குடை இல்லை. இரண்டு பக்கமும் பார்த்தான், யாராவது இருக்கிறார்களா என்று. உதடு அசைந்தது. போறேன். தறிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. ஒருவரும் கூப்பிடவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தெருமுனை வரை நடந்து, முனையில் திரும்பி மறைந்தான்.

நான் "கட்" என்று சொல்ல மறந்துபோனேன். கரிவலம்தான் முதல் முறையாகத் தானே நிறுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடையநல்லூருக்குப் போனோம். வீட்டில் பெட்டிகள் கட்டி ஓரமாக நின்றன. டிவியில் இணைத்துப் போட்டோம். அவன் முகம் டிவி அகலத்துக்கு வந்ததும் வாப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுக்கிற இடத்தில் சிரிக்கத் தொடங்கினார், முறுக்கு வந்த இடத்தில் சிரிப்பு முற்றி இருமலே வந்துவிட்டது. "இதத்தான் படிச்சியால? நல்ல படிப்பா இருக்கே!" பேச்சில் கிண்டல் இருந்தது, கண் படத்தை விட்டு நகரவில்லை. உம்மா ஒவ்வொரு முறையும் தெருவோடு சேர்ந்து, "வாரேன்னு சொல்லு" என்று டிவியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிர்வீட்டு அத்தையை ரொம்பப் பிடித்துவிட்டது. "யாரும்மா அவங்க, ஒரு நாள் கூட்டிட்டு வா" என்றார்கள்.

பிறகு தறிச் சத்தம் வந்தது. அவன் உதடு அசைந்தது. நானும் கரிவலமும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வெட்டி ஒட்டும்போது அந்த இடத்தை அத்தனை முறை ஓட்டிப் பார்த்திருக்கிறோம். அது என்ன சொல் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே கிடையாது.

"கடைசில என்னமோ சொன்னியே," என்றார்கள் உம்மா. "கேக்கல. என்னல சொன்ன?"

அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பசிக்கிதுன்னு சொன்னேன் உம்மா."

"அல்லாவே! காலைலேர்ந்து புள்ளைக்கு முறுக்கும் தண்ணியும்தான் குடுத்திருக்காவ," என்று எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்கள். "நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க. சாப்பிடாம யாரும் எறங்கக்கூடாது."

வாப்பா ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தார், மறுபடியும் முதலிலிருந்து போட.