சம்பந்தி இலையில் மரக்காளான்

காலை ஏழு மணிக்கு லார்க்கின் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினேன். யோங் பெங்குக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். என் தோழி பார்வதியின் மகள் தர்ஷினிக்குக் கல்யாணம் பேசி நாள் குறிக்க, அன்று மதியம் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். முந்தின நாளே மாப்பிள்ளையின் அம்மா உலு திராமிலிருந்து போன் போட்டு, என்ன சமையல் என்று விசாரித்துவிட்டு, "அந்த மரக்காளான மட்டும் இலையில வச்சிடாதீங்க. எஸ்டேட் சாப்பாடுன்னு எங்க சொந்தக்காரங்க சிரிப்பாங்க" என்றாராம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தம்மாவின் அப்பாவும் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர்தானே!

யோங் பெங் பஸ் நிலையத்தில் பார்வதி மோட்டார் சைக்கிளோடு நின்றாள்.

"சமைக்கப்போறியா, இல்லையா?" என்றேன்.

"வேற எதுக்கு உன்ன வரச்சொன்னேன்? ஏறு லா."

ஊருக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனை நடுவதற்காக ரப்பர் மரங்களைச் சாய்த்துப் போட்டிருந்த தோட்டம். மழையில் ஊறிய கட்டைகளில், நகத்தளவு சாம்பல் நிற விசிறிகளாக அடுக்கடுக்காய்க் காளான். மலாய்க்காரர்கள் குக்கூர் என்பார்கள். விரல் நுனியால் கிள்ளித்தான் எடுக்க வேண்டும். பிடுங்கினால் மரத்தூளும் கூடவே வந்து, சாப்பிடும்போது பல்லில் நறநறக்கும். இந்த ஒன்றைத் தவிர வேறு எந்தக் காளானையும் நாங்கள் தொடவில்லை. வாளி நிறைவதற்குள் முதுகு ஒடிந்துவிட்டது.

வீட்டில் அதை நன்றாக வேகவைத்து, மஞ்சளும் சிலி பாடி மிளகாயும் கெட்டித் தேங்காய்ப்பாலும் சேர்த்தாள் பார்வதி.

"கல்யாணம் நின்னுபோச்சுன்னா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

பார்வதி அடுப்பைத் தணித்தாள். "நின்னா எனக்குத்தான் வயிறு எரியும். ஆனா தர்ஷினியோட அப்பா செத்து, கையில காசில்லாதப்ப புள்ள வளர்ந்தது இதுலதான். இத மறைச்சு அவள அனுப்ப மாட்டேன்."

மதியம் ஒரு மணி. வாழை இலையில் முதல் கறியாகக் காளான் விழுந்தது. மாப்பிள்ளை வழித்துச் சாப்பிட்டார். அவர் அம்மா தொடவே இல்லை. அதோடு விட்டாரா? எழுந்திருக்கும்போது இலையைத் தன் பக்கம் மடிக்காமல் எதிர்ப்பக்கமாக மடித்தார். சாவு வீட்டில்தான் அப்படி மடிப்போம்.

பார்வதி நேரே போய் அந்த இலையைப் பிரித்து வைத்தாள்.

"சம்பந்தி, பிடிக்கலன்னா சாப்பிட வேணாம். ஆனா இது நல்ல காரியம் நடக்குற வீடு. இலைய ஒழுங்கா மடிச்சிட்டு எந்திரிங்க."

"அம்மா, மடிங்க" என்றார் மாப்பிள்ளை. அந்தம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு இலையைத் தன் பக்கம் மடித்தார். அப்புறம் காபி வந்தது. தை மாதத்துக்கு நாள் குறித்தார்கள்.

நான் புறப்படும்போது மாப்பிள்ளை வீட்டு வேனும் கிளம்பத் தயாராக நின்றது. தர்ஷினி வேன் ஜன்னலருகே குனிந்து, மாப்பிள்ளையின் அம்மாவிடம், "அத்தை, கல்யாணத்தன்னைக்கும் இதுதான் முதல் கறி. சொந்தக்காரங்ககிட்ட இப்பவே சொல்லி வச்சிடுங்க" என்றாள். அத்தை ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

நான் ஃபேக்டரி வேலை செய்யும் பாசிர் கூடாங்கில் மழை பெய்தால் சிமெண்ட் தரைதான் நனையும். கட்டை ஏது, காளான் ஏது? ஒரு டப்பா நிறையக் கறி வாங்கிக்கொண்டேன். நாளைக்குக் கேன்டீனில் நடுமேசையில் வைத்துத் திறப்பேன். எவளாவது மூக்கைச் சுளிக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்.