ட்ராய்லோ தனக்கே வைத்த விருந்து

தீமோக் ஆற்றங்கரையில் எங்கள் ஊருக்குள் வந்து ட்ராய்லோ வீடு எது என்று கேட்டால், "எவர்சில்வர் டிரம் வச்சிருக்கானே, அவனா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஊர் மொத்தமும் ராக்கியாவை, அதாவது பிளம்ஸ் பழச் சாராயத்தை, மல்பெரி மரப் பீப்பாயில்தான் ஊறப் போடும். அவன் ஒருத்தன் மட்டும் பழைய பால் பண்ணை டிரம்மில் போட்டு வைத்திருந்தான். அந்த டிரம்மின் மேல் அவனுக்கு இருந்த பிடிவாதம் தெரிந்துவிட்டால் ஆளையே தெரிந்த மாதிரிதான்.

காய்ச்சுகிற விஷயத்தில் அவனைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். மரத்தை உலுக்கமாட்டான், தானாக உதிர்ந்த பழத்தைத்தான் பொறுக்குவான். முதலில் இறங்கும் நெடிச் சரக்கைக் கண்ணை மூடிக்கொண்டு கீழே கொட்டுவான். கடைசியில் இறங்கும் நீர்த்த சரக்கைத் தனியாக ஒதுக்குவான். நடுவில் வந்ததை மட்டும் இன்னொரு தடவை வடிப்பான். டிரம் வந்த புதிதில் மூடிக்குள் இருந்த ரப்பர் வளையத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தக்கையை வட்டமாகச் செதுக்கிப் பொருத்தினான். ரப்பர் இருந்தால் சாராயத்தில் வாடை ஏறிவிடுமாம். அவ்வளவு பொறுப்பு! அவ்வளவும் செய்துவிட்டு, வடித்ததைக் கொண்டுபோய் இரும்புக்குள் அடைத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

"மரத்துல வச்சா வருஷா வருஷம் மரம் குடிக்கும். இதுல ஒரு சொட்டு குறையாது" என்பான்.

எதிர்வீட்டு ஜீவ்கோவுக்கு வாய் சும்மா இருக்காது. "குறையாதுடா. கூடவும் கூடாது. உன்னை மாதிரியே. உள்ள ஒண்ணும் போகல, வெளிய ஒண்ணும் வரல!"

ட்ராய்லோ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டான். அவள் போனபோது அவன் தலை நரைத்திருந்தது. அவன் வயதுக்காரர்கள் எல்லோரும் வியன்னாவுக்குப் போய்க் கட்டிட வேலை செய்து, ஊரில் இரண்டடுக்கு மூன்றடுக்கு என்று வீடு கட்டி, பூட்டிவிட்டுத் திரும்பவும் வியன்னாவுக்கே போனார்கள். அவன் தெருவில் குளிர்காலத்தில் புகை வருகிற வீடு மூன்றுதான். ஜீவ்கோ வீடு, ட்ராய்லோ வீடு, வேலிக்கு அந்தப் பக்கம் மிலுங்கா வீடு.

மிலுங்கா புருஷனை இழந்தவள். மகன் நெபோய்ஷா வியன்னாவில். அவள் வீட்டு நிலவறையில் நல்ல மல்பெரிப் பீப்பாய் ஒன்று இருந்தது. ஒரு தடவை வேலியோரம் நின்று அவளே சொன்னாள்.

"ட்ராய்லோ, உன் சரக்க என் பீப்பாய்ல ஊத்திவையேன். எனக்கு அவ்வளவு பெரிய பீப்பாய் எதுக்கு?"

"மரம் குடிச்சிடும், மிலுங்கா."

"குடிச்சா குடிச்சிட்டுப் போகுது. நிறம் குடுக்குதுல்ல, மணம் குடுக்குதுல்ல? சரி, டிரம்முக்குள்ள ரெண்டு மல்பெரிக் குச்சியாவது போடு."

"குச்சியும் குடிக்கும்."

"போடா, நீயும் உன் இரும்பும்" என்று சொல்லிவிட்டு அவள் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டாள்.

உண்மைக் காரணத்தை அவன் அவளிடமும் சொல்லவில்லை. மரப் பீப்பாய்க்கு ஆள் வேண்டும். குறையக் குறைய ஊற்ற வேண்டும். காலியாகக் கிடந்தால் பலகை சுருங்கி இடுக்கு விடும், நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தான் ஒருநாள் கண்ணை மூடினால் அதை யார் பார்ப்பது? டிரம்முக்கு யாரும் வேண்டாம். மூடினால் மூடினபடி கிடக்கும். அதனால்தான் டிரம்.

அதிலிருந்த சரக்கும் விற்க வைத்ததில்லை, தினம் குடிக்க வைத்ததுமில்லை. அவனுடைய பொமானாவுக்கு வைத்தது. எங்கள் ஆட்களுக்கு மேலுலகத்தைப் பற்றிப் பெரிய சந்தேகம் கிடையாது. இங்கே உன் பேரைச் சொல்லி என்ன கொடுக்கிறார்களோ, அதுதான் அங்கே உன் மேசையில் இருக்கும். அதற்கு வைக்கிற விருந்துதான் பொமானா. பிள்ளைகுட்டி இருந்தால் செத்த பிறகு அவர்கள் வைப்பார்கள். யாரும் இல்லாதவன் உயிரோடு இருக்கும்போதே தன் பேரில் தானே வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் ஒன்று. வாங்கிக்கொள்கிறவன் தன் வாயால் "கடவுள் ஏத்துக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். வாங்க ஆள் வராவிட்டால் ஆடு அடித்தும் வீண், ரொட்டி சுட்டும் வீண், அங்கே வெறும் மேசைதான்.

போன ஆகஸ்டில் வியன்னாக்காரர்கள் விடுமுறைக்கு வந்தபோது வாயால் கேட்டுப் பார்த்தான். "சாவு விருந்தா பெரியப்பா? வர்றதே ஒரு மாசம், சனிக்கிழமை சனிக்கிழமை கல்யாணம் இருக்கு. நீங்க முதல்ல சாவுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சிரித்தார்கள். அவனும் கூடச் சிரித்துவிட்டு வந்துவிட்டான்.

இந்த வசந்தத்தில் விறகு தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் விழுந்தான். வானத்தைப் பார்த்தபடி வெகுநேரம் கிடந்தான். வலியைவிட அந்த நினைப்புதான் அவனைக் கொன்றது: இப்படியே போனால் அங்கேயும் தனியாகத்தான் உட்கார வேண்டுமா? இங்கேயாவது வேலிக்கு அந்தப் பக்கம் மிலுங்கா கோழியைக் கூப்பிடுகிற சத்தம் கேட்கிறது.

ஆகஸ்ட் வந்தது. சரக்கை ருசி காட்டினால் ஆசைப்பட்டு வருவார்கள் என்று கணக்குப் போட்டான். டிரம்மிலிருந்து பிடித்து, பரணில் கிடந்த மரக் குடுவையை நிரப்பிக்கொண்டு கிளம்பினான். அவன் அப்பா அம்மா கல்யாணத்துக்கு வீடு வீடாக அழைக்க ஊரைச் சுற்றிய குடுவை அது. கழுத்தில் சாயம் போன சிவப்பு ரிப்பன். அவிழ்க்க அவனுக்கு மனசு வரவில்லை. அட மடையா, ரிப்பன் கட்டிய குடுவை வாசலுக்கு வந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தானே!

ஜீவ்கோ கேட்டைத் திறந்தவன் குடுவையைப் பார்த்துக் கத்தினான். "ஏய், எல்லாரும் வெளிய வாங்க! ட்ராய்லோ கல்யாணத்துக்குக் கூப்பிட வந்திருக்கான்! டேய், இந்த வயசுல ஏர் பூட்டுறியே, உழுமாடா?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம வீட்டுக்கு..." என்று ஆரம்பித்தான் ட்ராய்லோ.

"வரோம்டா, வராம? பொண்ணு யாரு?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் ஜீவ்கோ அவனைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டான். தன்னைக் கடைசியாக யார் தொட்டார்கள் என்று ட்ராய்லோவுக்கே ஞாபகமில்லை. "வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னான்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? செய்தி அவனுக்கு முன்னால் ஓடியது. அடுத்த வீட்டுக் கதவு அவன் தட்டுமுன் திறந்தது. உட்கார வைத்தார்கள், காபி கொடுத்தார்கள், பிளம்ஸ் ஜாம் கொடுத்தார்கள். குடுவையிலிருந்து ஒரு வாய் குடித்து, வழக்கப்படி தங்கள் சரக்கை அதில் கொஞ்சம் ஊற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். வியன்னாப் பிள்ளைகள் தோளில் கைபோட்டுப் படம் எடுத்தார்கள். சொல்லிவிட வேண்டும், அடுத்த வீட்டில் கட்டாயம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனான். ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. பாவம், அவன் முகத்தில் நிஜமாகவே கல்யாணக் களை வந்திருந்தது.

கடைசியாக மிலுங்கா வீடு. குடுவையில் ஒரு மடக்குதான் மிச்சம். அவள் வாசற்படியிலேயே நின்றாள், உள்ளே வா என்று சொல்லவில்லை.

"கேள்விப்பட்டேன். யாரு?"

"ஞாயித்துக்கிழமை வந்து பாரு, மிலுங்கா."

"வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கறவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஊரே சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

அவன் குடுவையை நீட்டினான். அவள் குடுவையை வாங்கி அந்த ஒரு மடக்கையும் குடித்தாள். நிலவறைக்குப் போய்த் தன் பீப்பாயிலிருந்து கழுத்துவரை நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினாள். "நல்லா இருங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே வந்தது. பெண்கள் புதுப் பாவாடை, ஆண்கள் சட்டைப் பையில் துளசிக் கொத்து, கையில் பரிசுத் துண்டுகள். ஜீவ்கோ தன் பங்குக்குப் பித்தளை வாத்தியக்காரர்களையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஊதிக்கொண்டே முற்றத்துக்குள் நுழைந்தவர்கள் மேசையைப் பார்த்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் ரொட்டி, ரொட்டியில் செருகிய மெழுகுவர்த்தி. நடுவில் வேகவைத்த கோதுமை. பெரிய ரொட்டியின் மேல் ட்ராய்லோ என்று மாவாலேயே எழுதியிருந்தது. பக்கத்தில், அவன் மேலுலகத்தில் உடுத்தவென்று மடித்து வைத்த புதுச் சட்டை. வாத்தியம் பாதியில் நின்றது.

"டேய்... இது பொமானாடா" என்றான் ஜீவ்கோ. அவன் மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். பின்னால் யாரோ சிரித்தார்கள், யாரோ அடக்கினார்கள். ஜீவ்கோவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கள எல்லாம் முட்டாளாக்கிட்டியா? நான் மேளத்தோட வந்திருக்கேன்டா!"

ட்ராய்லோ மேசையோரம் வந்து நின்றான். "கல்யாணம்னு நான் சொல்லல ஜீவ்கோ. இல்லன்னும் சொல்லல. தப்புதான். சொன்னா ஒருத்தரும் வரமாட்டீங்கன்னு பயந்துட்டேன்."

இரண்டு பேர் கேட்டுப் பக்கம் திரும்பினார்கள். அப்போது மிலுங்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். நல்ல நீலப் பாவாடை உடுத்தியிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ரொட்டியை மெழுகுவர்த்தியோடு எடுத்தாள். சாராயக் கிண்ணத்தைச் சாய்த்து, செத்தவர்களின் பங்காக மண்ணில் ஒரு சொட்டு விட்டாள்.

"கடவுள் ஏத்துக்கட்டும். ட்ராய்லோவோட மேசைக்குப் போய்ச் சேரட்டும்" என்று எல்லோருக்கும் கேட்கிறாற்போலச் சொன்னாள்.

அதற்குப் பிறகு யார் போவார்கள்? ஜீவ்கோ வாத்தியக்காரர்களைத் திட்டி ஓரமாக உட்கார வைத்துவிட்டு வந்து வாங்கிக்கொண்டான். ஒவ்வொருவராக வந்தார்கள். கல்யாணப் பழக்கத்தில் கிண்ணத்தோடு கிண்ணம் முட்டப் போன வியன்னாப் பையன் ஒருத்தனின் மணிக்கட்டை அவன் அம்மா பிடித்துக்கொண்டாள். டிரம் சரக்கு தண்ணீர் மாதிரி வெள்ளையாக இருந்தது, வடித்த அன்று எரித்த மாதிரியே தொண்டையை எரித்தது. "ஒரு சொட்டும் குறையல. ஒரு வயசும் ஏறல" என்றான் ஜீவ்கோ. ஆனாலும் மறுபடி கிண்ணத்தை நீட்டினான். சாப்பிட்டார்கள், பொமானாவுக்கு ஆடுகிற ஆட்டத்தையும் கைகோத்து ஒரு சுற்று ஆடினார்கள். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பாமல், போகும்போது ஆளுக்கொரு ரொட்டி கொடுத்தான் ட்ராய்லோ. அவன் கேட்டது அவனுக்குக் கிடைத்துவிட்டது.

எல்லோரும் போன பிறகு மிலுங்கா மட்டும் நின்று கிண்ணங்களைக் கழுவினாள். அவன் துடைத்து அடுக்கினான்.

"நாளைக்குக் காலைல நெபோய்ஷா என்னைக் கூட்டிட்டுப் போறான்" என்றாள், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே.

"எங்க?"

"வியன்னாவுக்குத்தான். வா வான்னு கூப்பிட்டுட்டே இருந்தான், முடியாதுன்னே சொல்லிட்டிருந்தேன். நீ குடுவையோட வந்த அன்னிக்குச் சாயங்காலம் சரின்னுட்டேன்."

"மிலுங்கா... கல்யாணமே இல்லியே. பொண்ணு கிண்ணு யாரும் இல்லியே."

"அது எனக்கு இன்னிக்கு மத்தியானம்தானே தெரிஞ்சுது?" அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். "மேளம் வந்துச்சு. ஊர் வந்துச்சு. சாப்பாடு இருந்துச்சு, சாராயம் இருந்துச்சு. பொண்ணு ஒண்ணுதான் குறைச்சல். அதுவும் வேலிக்கு அந்தப் பக்கமே இருந்துச்சு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல, மடையா?"

சொல்லிவிட்டு அவள் நின்றாள். போகவில்லை, நின்றாள். ட்ராய்லோவுக்குத் தொண்டைவரை வந்தது. போகாதே என்ற ஒரே சொல். அதைச் சொல்ல எத்தனை நேரமாகும்? கையிலிருந்த கிண்ணத்தைத் துடைத்தான், துடைத்ததையே துடைத்தான்.

"அப்போ... உன் பீப்பாய்?" என்றான் கடைசியில்.

மிலுங்கா அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "விறகுக்கு உடைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காலையில் கார் கிளம்பியபோது ஊர்க்காரர்களோடு சேர்ந்து அவனும் கையை ஆட்டினான். அவள் முன் இருக்கையில் இருந்தாள், திரும்பவில்லை. வீட்டுக்கு வந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கோழிகளை ஜீவ்கோ வீட்டுக்குக் கொடுத்துவிட்டாளாம்.

அலமாரியில் குடுவை அப்படியே இருந்தது. அவள் நிரப்பிக் கொடுத்ததை அவன் தொடவே இல்லை. கொஞ்சம் கிண்ணத்தில் சாய்த்துப் பார்த்தான். தேன் நிறம். மோந்து பார்த்தான், குடிக்கவில்லை. எழுந்து போய், விருந்தோடு காலியான டிரம்மைத் திறந்து, குடுவையில் இருந்தது, கிண்ணத்தில் இருந்தது எல்லாவற்றையும் உள்ளே ஊற்றினான். அடியில் ஒரு விரல் உயரம்கூட வரவில்லை.

தக்கை வளையத்தைச் சரிபார்த்து மூடியை இறுக்கித் திருகினான். "இதுல ஒரு சொட்டு குறையாது, மிலுங்கா" என்றான். அதன் மேல் தலையை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். எதிர்வீட்டில் ஜீவ்கோ கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அன்றைக்கு அவன்கூடக் கேலி பேசவில்லை.