கம்பத்துக்கு ஒரு குடம் தண்ணீர்

என் கணவருக்கு எதற்கெடுத்தாலும் "ஆத்தா புண்ணியம்" என்று சொல்லியாக வேண்டும். தோட்டத்து மோட்டார் சுவிட்ச் போட்டதும் ஓடினால் ஆத்தா புண்ணியம். போன கரண்ட் வந்தால் ஆத்தா புண்ணியம். என் ரசத்தில் உப்பு சரியாக விழுந்துவிட்டால்கூட அதற்கும் வீரபாண்டிக் கௌமாரியம்மன்தான் காரணம்.

"உப்பப் போட்டது நானு. பேரு மட்டும் அவளுக்கா?" என்று கேட்பேன்.

"ஒன் கைக்கு அளவு சொன்னது யாரு?" என்று சிரிப்பார்.

சின்னமனூருக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் உண்டு. தை மாதம் அங்கே வேலையாக இருந்த என் கணவர் காய்ச்சல் என்று வந்து படுத்தார். தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். இவரை வீட்டுக்கு அனுப்பிவிடு, சித்திரையில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று.

வீரபாண்டித் திருவிழாவுக்கு முன்னால் கோயிலில் மூன்று கிளையுள்ள அத்திமரக் கம்பத்தை நடுவார்கள். அதைச் சிவனாக நினைத்து, முல்லையாற்றில் முங்கி எழுந்து, ஈரச்சேலையோடு குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவோம். எங்கள் பக்கத்தில் பெண்கள் வேண்டிக்கொள்வதில் பாதி இதுதான்.

வீட்டுக்கு அனுப்பினார்கள். குணமாகி அல்ல, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு வாரம் போல இருந்தார். ஒருநாள் காலையில் முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்துக் கஞ்சி புகட்டினேன். இரண்டு மடக்கு இறங்கியது. வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆத்தா புண்ணியம்" என்றார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"இதுல எது புண்ணியம்?"

"வீட்டுக்கு வந்துட்டோம்ல" என்றார்.

என் வேண்டுதலைப் பற்றி அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

மாசி பிறந்ததும் போய்விட்டார். நான் அழவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வந்தால்தானே அழுவதற்கு. காரியமெல்லாம் முடிந்த பிறகு தோட்டத்துக்குப் போனேன். மோட்டார் போட்டதும் ஓடியது. வாய் தன்னால் "ஆத்தா புண்ணியம்" என்றது. உள்ளே ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, அப்படி இருந்தது. ஆனாலும் சொல்வதை நிறுத்தவில்லை. கரண்ட் வந்தால் சொன்னேன், சாப்பிட உட்கார்ந்தால் சொன்னேன். அவருடைய பேச்சு வீட்டில் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சித்திரையில் கம்பம் நட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் பித்தளைக் குடத்தை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். கணவரின் அக்கா பார்த்துவிட்டார். துக்க வீட்டார் வருஷம் திரும்பும்வரை கோயில் படி மிதிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம்.

"வருசம் திரும்பல. அதுவுமில்லாம, கேட்டதக் குடுக்காதவளுக்கு எதுக்குத் தண்ணி?" என்றார்.

தம்பியைப் பறிகொடுத்தவர், அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. எனக்கும் கோபப்பட ஆசைதான். அதற்குக்கூடத் தெம்பு வரவில்லை.

"வீட்டுக்கு அனுப்புன்னுதான் மதினி கேட்டேன். அனுப்புனாள்ல."

"அதுக்குப் பேரு அனுப்புறதா?"

"ஒங்க தம்பி அப்படித்தான் சொன்னாக."

கஞ்சி குடித்த காலையைச் சொன்னேன்.  மதினி குடத்தை என் கையிலிருந்து வாங்கி, நான் சரியாகத் தேய்க்காமல் விட்ட அடிப்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். கூட வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் விடியுமுன் தனியாகத்தான் பஸ் ஏறினேன். ஆற்றில் முங்கினேன். தண்ணீர் சில்லென்று இருந்திருக்க வேண்டும்; பக்கத்தில் முங்கியவர்கள் பல் கிடுகிடுக்க நடுங்கினார்கள். குடத்தில் வேப்பிலையைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் கொதிக்கும்போது ஈரத்துணியால் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தது ஞாபகம் வந்தது. என் முறை வந்ததும் ஊற்றினேன். தண்ணீர் கம்பத்தில் வழிந்து என் காலைச் சுற்றி ஓடியது. நன்றி சொல்லத்தானே வந்தோம் என்று மனசுக்குள் துழாவிப் பார்த்தேன். ஒன்றும் கைக்கு அகப்படவில்லை.

எனக்கு அடுத்து நின்ற பெண், இடுப்புக் குடத்தை மாற்றி வைத்துக்கொண்டு, "என்ன வேண்டுதலு, அக்கா?" என்று கேட்டாள்.

"வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கெடந்தாக. வீடு வந்து சேரணும்னு வேண்டியிருந்தேன்."

"வந்துட்டாகளா?"

அவளுக்கு எப்படித் தெரியும்? ஆற்றில் முங்கி வந்ததில் பொட்டு கரைந்து எல்லார் நெற்றியும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

"வந்தாக" என்றேன்.

"ஆத்தா புண்ணியம்" என்று சொல்லிவிட்டு அவள் தன் குடத்தைத் தூக்கினாள்.

அவள் ஊற்றிய தண்ணீரும் என் கால்மேல் வந்தது. அப்போதுதான் அது சில்லென்று இருப்பது எனக்குத் தெரிந்தது.