சாமி படக் கண்ணாடியும் பிளாஷ் வெளிச்சமும்

மனைவியின் அக்கா, என் மதினி, இலங்கையை விட்டு ஒரேயடியாகக் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போவது முடிவாகிவிட்டது. கப்பல் பிடிக்கத் தலைமன்னார் ரயில் ஏறிவிட்டால் பிறகு எப்போது முகம் பார்ப்போம் என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். போவதற்கு முன் சாமி அறையில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்று மதினி கேட்டார். கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் இருந்த அந்த வீடு அக்கா தங்கை இருவரும் பிறந்த வீடு. நான்தான் வந்து சேர்ந்தவன். இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

என்னிடம் பழைய கமெரா ஒன்றும் அதன் தலையில் பூட்டும் பிளாஷும் இருந்தன. ஆனால் மனதில் பயம். முந்தின தைப்பொங்கலன்று மகளை அதே அறையில் நிறுத்தி எடுத்திருந்தேன். எங்கள் ஆட்களுக்குப் படம் என்றால் சாமிக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். சுவர் நிறையக் கண்ணாடி போட்ட சாமி படங்கள். பிளாஷ் நேரே போய்க் கண்ணாடியில் பட்டுத் திரும்பிவிட்டது. முருகன் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை உருண்டை. திருநீறு பூசிய பிள்ளையின் நெற்றி சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது.

"சகலை, முருகன் சோதியாவே வந்துட்டாரு போல," என்று மதினியின் புருஷன் சிரித்தார்.

இந்த முறை அப்படி ஆகவிடக் கூடாது என்று கண்டி டவுனில் ஸ்டுடியோ வைத்திருந்தவரிடம் போய்க் கேட்டேன்.

"சாமி படத்தையெல்லாம் கழட்டி வெச்சிட்டு எடுங்களேன்," என்றார்.

"அது முடியாதுங்க. படம் எடுக்கிறதுக்காகச் சாமிய எறக்கி வைக்கிறதா?"

"அப்ப வெளிச்சத்த நேரா அடிக்காதீங்க. வெள்ளைச் சீலிங்ல பட்டுத் திரும்பினா மெதுவா விழும். சீலிங் இருக்கா?"

"தகரக் கூரை."

"அப்ப கஷ்டம்தான்," என்றார்.

கஷ்டம் என்றுதான் சொன்னார், முடியாது என்று சொல்லவில்லையே. அதைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. டோர்ச் லைட்டைக் கமெராவோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு சாமி படங்களைப் பார்த்தேன். கண்ணாடியில் வெளிச்சப் பொட்டு தெரிந்தது. பொட்டு மறையும்வரை பக்கவாட்டில் நகர்ந்து, நான் நின்று எடுக்க வேண்டிய இடம் அதுதான் என்று தரையில் சோக்கட்டியால் கோடு போட்டேன். பிறகு பக்கத்தில் உயரமாகத் துணி போடும் கொடி கட்டி, கோயிலுக்குக் கட்டும் வெள்ளை வேட்டியை விரித்துப் போட்டேன். பிளாஷைக் கழற்றி, வயரோடு கையில் பிடித்து, வேட்டியில் அடிக்க வேண்டும். அதிலிருந்து வெளிச்சம் ஆட்கள்மேல் விழும்.

"என்னங்க, கோயில் வேட்டிய திரையாக் கட்டி நாடகமா போடப் போறீங்க?" என்றாள் மனைவி.

மறுநாள் எல்லோரும் வந்து நின்றார்கள். துணியில் பட்டு வரும் வெளிச்சம் பலம் குறைந்தது என்பதால் லென்ஸை முழுதாகத் திறந்து, ஆட்களை நெருக்கி நிறுத்தினேன்.

"தம்பி, எங்களப் பாத்து அடிக்காம கொடியப் பாத்து அடிக்கிறீங்க. படம் வருமா?" என்று மதினி கேட்டார்.

"வரும் மதினி. வர வைக்காம விடமாட்டேன்."

"வேட்டி நல்லா வரும்," என்றார் சகலை. அக்காவும் தங்கையும் ஒன்றாகச் சிரித்தார்கள். முருகா என்று அழுத்தினேன். பிறகு பிலிம் தீரும்வரை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

அவர்கள் ரயில் ஏறிய பிறகுதான் படம் கழுவி வந்தது. ஸ்டுடியோ வாசலிலேயே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இரண்டு படம் இருட்டாக இருந்தது. ஒன்றில் சகலை கண்ணை மூடியிருந்தார். ஆனால் முதல் படத்தில் அக்காவும் தங்கையும் பல் தெரியச் சிரித்தார்கள். நெற்றியில் திருநீறு மூன்று கோடாகவே தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால் முருகன், வேலோடு.

வீட்டுக்கு வந்து நீட்டினேன். மனைவி உடனே வாங்கவில்லை. கைகால் கழுவி, சாமி அறையில் விளக்கேற்றி, அதன் பிறகுதான் இரண்டு கையாலும் வாங்கி, அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.