ஏழாம் வண்டியின் மணி

நம்பினால் நம்புங்கள், நான் வற்புறுத்தப் போவதில்லை. 1871 கோடை. பீட்டர்ஸ்பர்க் பிரபுக்கள் கடலில் குளிக்க வரும் வளைகுடாக் கரை. இந்தக் கையால் நான் தொட்டுப் பார்த்த விஷயம் இது.

காலி வண்டியில் மணி அடித்தது. தினமும், காலை 9.40க்கு.

குளியல் வண்டி என்பது நான்கு சக்கரத்தின் மேல் ஒரு மர அறை. சீமாட்டி உள்ளே ஏறி உடை மாற்றுவார். குதிரை அதைக் கடலுக்குள் இழுத்து நிறுத்தும். பின்கதவைத் திறந்து, படியிறங்கிக் குளிப்பார். முடிந்ததும் உள்ளே தொங்கும் கயிற்றை இழுத்தால் கூரைமேல் மணி அடிக்கும். அந்தக் கோடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த நான் குதிரையோடு போய் வண்டியைக் கரைக்குக் கொண்டுவருவேன். குதிரை ஒன்றுதான். அதனால் அந்தஸ்துப்படி வரிசை. முதல் வண்டி இளவரசிக்கு. ஏழாவது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியைகளுக்கு. அந்த வருஷம் அதில் ஏற ஆளில்லை. ஆனாலும் ஏழும் நீரில் நின்றால்தான் பார்வைக்கு அழகு என்று மேலாளர் உத்தரவு.

காற்றுதான் என்று நினைத்தேன். மணியைத் துணியால் கட்டினேன். அடித்தது. அதன் நாக்கையே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் 9.40... அடித்தது.

இன்னொன்று. கயிற்றின் நுனியில் ஒரு சுருக்கு. மணிக்கட்டு நுழையும் அளவு. தினமும் அவிழ்ப்பேன். காலையில் மறுபடி இருக்கும்.

சீமாட்டிகள் முகம் சுளித்தார்கள். சனிக்கிழமைக்குள் மணி நிற்காவிட்டால் எனக்கு வேலை கிடையாது என்றார் மேலாளர். பதினைந்து வருஷமாக அங்கே வேலை பார்க்கும் மாரெத்திடம் கேட்டேன். காதில் பஞ்சை வைத்துக்கொள் என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

சனிக்கிழமை. காற்று எழுந்தது. அலை வண்டிகளின் தரைப்பலகையைத் தொட்டது.

9.40. ஏழாம் வண்டியின் மணி. உடனே இளவரசி தரூபினாவின் மணியும்.

குதிரையை முதல் வண்டிக்குத் திருப்பினேன். வரவில்லை. அதன் காதுகள் ஏழாம் வண்டிப் பக்கமே நின்றன. அங்கே மணி வேகமெடுத்தது... கெஞ்சுவது போல.

குதிரையை அதன் போக்கில் விட்டேன். இளவரசி கதவைத் திறந்தார்.

"அகாஃபியா, எங்கடி போற? நான் இங்க நிக்கிறேன்."

"முதல்ல ஏழு, இளவரசியம்மா."

"அது காலி வண்டி."

"காலி வண்டி மணி அடிக்காதும்மா."

"நாளைக்கு நீ இந்தக் கரையில இருக்க மாட்ட."

"சரிங்கம்மா. இன்னைக்கு இருக்கேனே."

குதிரையை ஏழாம் வண்டியில் பூட்டினேன். இழுத்தது. வண்டி கனத்தது... உள்ளே ஆள் இருக்கும் கனம்.

கரை.

மணி நின்றது.

கதவு தானாகத் திறந்தது.

படியில் ஈரம். ஒரு பாதம்... இன்னொரு பாதம்...

மணலில் இறங்கிப் போயின.

யாரும் இல்லை.

இளவரசியைக் கரையேற்றியபோது அவர் திட்டவில்லை. அந்தத் தடங்களையே பார்த்தார். மேலாளரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அன்று மதியம் மாரெத் வாய் திறந்தாள். எட்டு வருஷத்துக்கு முன், இதே போலக் காற்றடித்த ஒரு காலை, 9.40. ஏழாம் வண்டியில் ஓர் ஆசிரியை மணி அடித்தாள். முதல் வண்டிச் சீமாட்டி இன்னும் குளித்து முடிக்கவில்லை. வரிசையை மீறக் கூடாதென்று குதிரையைக் கரையிலேயே நிறுத்தினார்கள். இருபது நிமிடம் மணி அடித்தது. வண்டி கவிழ்ந்தது. உடலை எடுத்தபோது மணிக்கயிறு அவள் மணிக்கட்டில் சுருக்காக இறுகியிருந்தது.

முதல் வண்டியில் இருந்தவர் இளவரசி தரூபினா. குதிரையைப் பிடித்து நின்றவள் மாரெத்.

திங்கட்கிழமையிலிருந்து வரிசையை மாற்றிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. இன்றுவரை, காலியாக இருந்தாலும், 9.40க்கு முன் ஏழாம் வண்டியை முதலில் கரையேற்றுகிறேன். மணி அடிப்பதில்லை. கயிற்றில் சுருக்கும் இல்லை.